வேடம் கலைந்த பின்: திருப்பதிக் கங்கம்மாவின் கதையில் சொல்லப்படாத முடிவுகள்

2024 டிசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா 2’ திரைப்படத்தில் நாயகன் உடலெங்கும் நீலம் பூசி, சேலை உடுத்தி ஆடும் ஜாத்திரைக் காட்சி, திருப்பதிக் கங்கம்மா ஜாத்திரையின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. படம் எடுத்துக்கொண்டது வேடத்தை. அந்த வேடம் எதற்காகப் போடப்பட்டது என்னும் கதை திரைக்கு வெளியே நின்றுவிட்டது. அக்கதையையும் கூர்ந்து கேட்டால், அதிலும் பல முடிவுகள் சொல்லப்படாமல் நின்றிருப்பது தெரியவரும். உருமாறிய தெய்வம் என்ன செய்தது என்பதைக் கதை விரிவாகச் சொல்கிறது. அவள் உருமாறியதால் யார் யார் என்ன ஆனார்கள், யாருடைய உருவங்களை அவள் கடன் வாங்கினாள், அவ்வுருவங்களுக்கு உரியவர்களின் வாழ்க்கை எங்கே போயிற்று என்னும் கேள்விகளுக்குக் கதைக்குள் விடை இல்லை. விடைகளின் சில துண்டுகள் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாற்றில் கிடக்கின்றன.

கதையின் சுருக்கம் இது. திருப்பதியை ஒட்டிய அவிலாலா கிராமத்தில் கங்கம்மா வளர்ந்தாள். அப்பகுதியை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் மணமாகிவரும் பெண்களையெல்லாம் முதலில் தன்னிடம் அனுப்பச் செய்தவன், பெண்களைச் சூறையாடியவன். அவன் கங்கம்மாவை அணுகியபோது அவள் தன் உண்மை உருவைக் காட்டினாள். அஞ்சி ஓடியவன் ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு தெருத்தெருவாகச் சென்றாள். கடைசியில் ‘தொர’ வேடத்தில், அதாவது துரையாக, அவனுக்கும் மேலான தலைவனாக வந்தாள். தன் தலைவன் வந்திருக்கிறான் என்று நம்பி வெளியே வந்தவனின் தலையைக் கொய்தாள்.

ஆண்டுதோறும் மே மாத வெயிலில், ஒரு வாரக் காலம், இந்தத் தேடலைத் திருப்பதித் தெருக்கள் மீண்டும் நிகழ்த்துகின்றன. ‘சாட்டிம்பு’ என்னும் அறிவிப்புக்குப் பின் பைராகி வேடம், பண்ட வேடம், தோட்டி வேடம், தொர வேடம், மாதங்கி வேடம், சுண்ணப்புக் குண்டலு என நாள்கள் வரிசைப்படுகின்றன. பைராகிக்கு நாமக்கட்டியின் வெண்மை, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டிக்குக் கரி, தொரைக்குச் சந்தனம் என்று உடற்பூச்சும் மாறுகிறது. பண்ட வேட நாளில் வசைச்சொற்கள் கட்டவிழ்கின்றன. அம்மன் அவற்றை ஏற்றுக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. ஆண்கள் பலர் நேர்த்திக்கடனாகச் சேலை உடுத்துகின்றனர். திருமலை வேங்கடேசுவரர் கங்கம்மாவின் அண்ணன் என்பதால், திருமலை திருப்பதி தேவஸ்தானத்திலிருந்து பிறந்தவீட்டுச் சீர் வருகிறது. விழாவின் இறுதி விடியலில் கோயில் முன் மண்ணால் ஆன விஸ்வரூப முகம் உடைக்கப்பட்டு, மண் துண்டுகள் மக்களிடம் சேர்கின்றன.

இவ்விழாவை ஆராய்ந்தோர், வேடம் என்பதை மறைப்பாகக் கொள்ளாமல் வெளிப்பாடாகக் கொண்டனர். டான் ஹாண்டெல்மன் 1995-இல் வெளியான கட்டுரையில், ஆண் தன்மை பெண் தன்மையை நோக்கி உருமாறும் இயக்கமாக இதனைப் படித்தார். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013-இல் வெளியிட்ட நூலில், விழாக் காலத்தில் உலகமே பெண்ணாகிறது என்றும், பெண்கள் இயல்பிலேயே அம்மனின் தன்மையைப் பகிர்வதால் அவர்களுக்கு வேடம் தேவைப்படுவதில்லை என்றும் விளக்கினார். இவ்விளக்கங்கள் வலுவானவை. எனினும் அவை பெரும்பாலும் தெய்வத்தின் பக்கமிருந்தும் வேடம் பூண்போரின் பக்கமிருந்தும் கேள்வி எழுப்புகின்றன. கதையில் ஓரத்தில் நிற்போரின் பக்கமிருந்து எழுப்பினால் வேறு வரலாறு ஒன்று திறக்கிறது.

முதலில் கொல்லப்பட்டவனைப் பார்க்கலாம். அவனுக்குப் பெயர் இல்லை. ‘பாலெகாடு’ என்னும் பதவிப் பெயர் மட்டுமே உண்டு. தமிழில் பாளையக்காரன். விசயநகர ஆட்சியின் படை, காவல் ஏற்பாடுகளிலிருந்து வளர்ந்த இத்தலைவர்கள் சித்தூர் மலைக்காடுகளில் நெடுங்காலம் வலுவுடன் இருந்தனர். நரகண்டி, பங்காரி, கல்லூர், புலிச்சேர்லா, பாகாலா, மொகரால முதலிய சித்தூர்ப் பாளையங்கள் ஆர்க்காட்டு நவாபுக்குப் பேஷ்குஷ் செலுத்திவந்தன. 1801 ஜூலை 31-ஆம் நாள் உடன்படிக்கையால் கர்நாடகப் பகுதி கும்பினியின் கைக்கு மாறியபோது இப்பாளையங்களும் மாறின. 1804-ஆம் ஆண்டளவில் இப்பாளையக்காரர்கள் கிளர்ந்தெழுந்தனர். கும்பினிப் படை அவர்களை ஒடுக்கியது. ஆங்கிலேய ஆவணங்களில் இவர்கள் கலகக்காரர்கள். பிற்கால வரலாற்றெழுத்தில் தொடக்ககால எதிர்ப்பாளர்கள். கங்கம்மாவின் கதையில் பெண்களைச் சூறையாடிய ஒருவன். மூன்று ஆவணங்களும் ஒரே வகை மனிதனைப் பற்றியவை. கட்டபொம்மனைப் பாடலிலும் திரையிலும் நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு, பாளையக்காரனை வரியும் காவற்கூலியும் கொடுத்தவர்களின் கண்ணால் பார்க்கும் இந்தக் கதை சற்று உறுத்தலாகவே இருக்கும். அந்த உறுத்தல் பயனுடையது.

கதையின் ‘முதலிரவு உரிமை’யை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. ஐரோப்பாவில் நிலப்பிரபுக்களுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட இதே உரிமையை ஆராய்ந்த அலென் பூரோ, அது சட்டமாக இருந்ததற்கு ஆதாரமில்லை என்றும், ஆட்சியாளரைக் கொடியவராகக் காட்ட உருவான கட்டுக்கதை என்றும் 1995-இல் நிறுவினார். ஆனால் சட்டமாக இல்லை என்பதால் வன்முறையும் இல்லை என்று ஆகிவிடாது. ஆயுதம் தாங்கியவனின் வீட்டு வாசலைக் கடந்துதான் மணப்பெண் ஊருக்குள் வரவேண்டும் என்ற நிலை இருந்தால், அச்சம் கதையாக மாறுவதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்குண்டு. பரதேசியாக வந்தபோதும், தோட்டியாக வந்தபோதும் பாளையக்காரன் வெளியே வரவில்லை. துரையாக வந்தபோதே வந்தான். அவனை வெளியே இழுத்தது பக்தியோ இரக்கமோ அன்று; மேலதிகாரிக்கு முன் நின்றாக வேண்டிய கட்டாயம். தனக்குக் கீழுள்ளோர் அனைவரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள முடிந்தவனுக்கு, தனக்கு மேலுள்ளவனிடமிருந்து ஒளிய இயலவில்லை. பாளைய அரசியலின் இயக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆவணம் கிடைப்பது அரிது. ‘தொர’ என்னும் சொல் உள்ளூர்த் தலைவனையும் பின்னாளில் வெள்ளைக்கார அதிகாரியையும் ஒருங்கே குறித்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்து, கடன் வாங்கப்பட்ட உருவங்கள். பைராகி திருப்பதி மக்களுக்கு வெறும் கதைப்பாத்திரம் இல்லை. 1843-இல் கும்பினி அரசு திருமலைக் கோயில் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்தின் மகந்திடம் ஒப்படைத்தது. 1933-இல் தேவஸ்தான நிர்வாகம் சட்டவழி அமையும் வரை 90 ஆண்டுகள் வடநாட்டிலிருந்து வந்த வைராகி மரபினரே கோயிலை நடத்தினர். ஊரூராய்த் திரியும் துறவி என்ற உருவமும், கோயிலின் சாவியைக் கையில் வைத்திருக்கும் மகந்து என்ற உருவமும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. வேடம் எந்தக் காலத்தில் தோன்றியது என்பது தனிக்கேள்வி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் திருப்பதியில் பைராகி வேடத்தைப் பார்த்தவர்கள், அதில் இரண்டு உருவங்களையும் பார்த்திருக்காமல் இருக்க முடியாது.

தோட்டியின் நிலை வேறு. 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கை, சென்னை மாகாணக் கிராமத்தின் ஊழியர்களைப் பட்டியலிடும்போது தலையாரியோடு தோட்டியையும் சேர்க்கிறது. விளைச்சலைக் காப்பதும், அளக்கும்போது உதவுவதும் அவன் பணி. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்தவன். ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லாதவன். ஒளிந்திருப்பவனைத் தேட விரும்பும் தெய்வம் தோட்டியின் உருவத்தை எடுத்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை. எவரும் ஏறெடுத்துப் பார்க்காதவனே எங்கும் போக முடியும். கதையில் அந்த உருவம் ஒரு நாளுக்குப் பயன்பட்டு முடிகிறது. உண்மைத் தோட்டிகளின் சந்ததியோ அந்தப் பெயரையே வசைச்சொல்லாகச் சுமந்தது.

வேடத்தைத் தாங்கும் உரிமை கைகாலா குடும்பத்தினருடையது. கங்கம்மாவை வளர்த்தவர்கள் தாங்களே என்பது அவர்களின் மரபு. ‘கைகாலா’ என்பது தமிழ்க் ‘கைக்கோளர்’ என்பதன் தெலுங்கு வடிவம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில், கைக்கோளர் தமிழ் நெசவாளர் என்றும், தெலுங்கு நாட்டில் கணிசமாகக் குடியேறித் தெலுங்கைத் தம் மொழியாக்கிக்கொண்டனர் என்றும் குறிக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் படைப்பிரிவாகவும், பின்னர் கோயில்சார்ந்த நெசவுச் சமூகமாகவும் அறியப்பட்ட ஒரு கூட்டத்தின் கிளை, மொழியை மாற்றிக்கொண்டு, தெலுங்குத் தெய்வமொன்றின் வளர்ப்பு வீடாகத் தன்னைக் கருதிக்கொண்டது. உருமாற்றம் கதைக்குள் மட்டும் நிகழவில்லை. கதையைச் சுமந்த சமூகத்திலும் நிகழ்ந்தது.

இந்த நிலப்பகுதியின் தன்மையும் அதுவே. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. சித்தூர், 1911 ஏப்ரல் 1-இல் தனி மாவட்டமாகும் வரை வட ஆர்க்காட்டின் தலைநகர். 1960-இல் படாஸ்கர் தீர்வின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு நகர்ந்த நிலத்தில், ‘இவர் தமிழர்’, ‘இவர் தெலுங்கர்’ என்று மாறாத உருவமொன்றைத் தேடுவது வீண் வேலை.

உருமாறிகளைப் பற்றிய பிற கதைமரபுகளோடு ஒப்பிட்டால் கங்கம்மாவின் தனித்தன்மை விளங்கும். கந்தபுராணத்தில் சூரபதுமன் பல உருவெடுத்து இறுதியில் மாமரமாக நிற்கிறான். பிளக்கப்பட்டு மயிலும் சேவலும் ஆகிறான். உருமாறிய பகைவனின் முடிவு அங்கே முழுமையாகச் சொல்லப்படுகிறது. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சித்திரக்கதைகள் இதற்கு நேர்மாறானவை. 1962 ஜனவரி இட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 2-ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அறிமுகப்படுத்திய ஸ்க்ரல் என்னும் வேற்றுலக உருமாறிகள், தோற்ற பின் பசுக்களாக மாறித் தம்மையே மறந்துவிடும்படி மனவசியம் செய்யப்படுகின்றனர். வாசகர்களுக்கு அது நகைச்சுவை முடிவு. அந்தப் பசுக்களின் கதி என்ன என்ற கேள்வியைப் பின்வந்த எழுத்தாளர்கள் பலமுறை தோண்டியெடுத்தனர். 2019-இல் வந்த ‘கேப்டன் மார்வெல்’ திரைப்படம் அதே இனத்தை வீடிழந்த அகதிகளாகக் காட்டியது. 2023-இல் வந்த தொடர், அவர்களுக்கு வாக்களித்த வீடு தேடித்தரப்படவேயில்லை என்பதிலிருந்து தொடங்கியது. பகைவன் என்று முடித்துவைத்த உருமாறியின் சொல்லப்படாத கதி, அறுபது ஆண்டுகளாக அக்கதைத்தொடரைத் துரத்துகிறது.

அமெரிக்கக் கதையில் உருமாறுவது ஊடுருவும் அந்நியன். அவன் யார் என்று கண்டுபிடிப்பதே வீரம். திருப்பதிக் கதையில் உருமாறுவது ஊரின் மகள். ஒளிந்திருக்கும் அதிகாரத்தை வெளியே கொண்டுவருவதற்காக அவள் மாறுகிறாள். முன்னது ஆள்வோரின் அச்சத்திலிருந்து பிறந்தது. பின்னது ஆளப்படுவோரின் அச்சத்திலிருந்து. ஆனால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. வேடம் கலைந்த கணத்தோடு கதை நின்றுவிட, எஞ்சியோரின் வாழ்க்கை வாசகரின் கண்ணுக்கு அப்பால் தொடர்கிறது.

அந்த எஞ்சியோரில் முதன்மையானவர்கள் இரு பெண்கள். ஒருத்தி பாளையக்காரனின் மனைவி. வாய்மொழி மரபில், தலை கொய்யப்பட்ட மறுநாள் கங்கம்மா மாதங்கி வேடத்தில் அந்த வீட்டுக்குச் சென்று, கதறும் மனைவியைத் தேற்றினாள் என்று சொல்லப்படுவதுண்டு. கொன்றவளே தேற்ற வருவது அரிய கற்பனை. பழிவாங்கும் கதைகள் பெரும்பாலும் பகைவனின் வீட்டுக்குள் நுழைவதில்லை. தேற்றிய பின் அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதைக் கதை சொல்வதில்லை என்றாலும், அவள் அழுதாள் என்பதையாவது பதிவுசெய்கிறது.

மற்றொருத்தி மாதங்கியே. இங்கேதான் வேடத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் மிகக் குறைகிறது. மாதங்கி என்பது தெய்வத்தின் பெயர் மட்டுமன்று. தெலுங்கு நாட்டில் மாதிகா சமூகத்தில், தெய்வம் இறங்கும் பெண்ணாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவளின் பெயரும் ஆகும். எம்மா ரோசன்புஷ் க்ளஃப் 1899-இலும், எல்மோர் 1915-இலும் எழுதிய நூல்கள் இத்தகைய பெண்ணை விவரிக்கின்றன. விழா நாளில் அவள் மேல்சாதியார் மீது எச்சில் துப்புவாள், வசைபாடுவாள்; அவர்கள் அதைத் தூய்மையெனப் பெற்றுக்கொள்வர். விழா முடிந்ததும் ஊரின் ஒழுங்கு பழையபடி திரும்பிவிடும். தென்னிந்தியாவெங்கும் வழங்கும் ரேணுகை கதையில், வெட்டுண்ட தலை தீண்டாச்சாதிப் பெண்ணொருத்தியின் உடலோடு ஒட்டப்படுகிறது. ரேணுகையின் கதை தொடர்கிறது. உடலைத் தந்தவளுக்குப் பல கதைவடிவங்களில் பெயரே இல்லை.

சித்தூர் மாவட்டத்திலும் அதையொட்டிய தமிழ்நாட்டுத் திருவள்ளூர்ப் பகுதியிலும் ‘மாதம்மா’ என அழைக்கப்படும் பெண்கள் உண்டு. நோயுற்ற பெண்குழந்தை பிழைத்தால் அம்மனுக்கு விட்டுவிடுவதாக வேண்டிக்கொள்வது, பின்னர் அம்மன் பெயரில் அவளுக்குத் தாலி கட்டுவது என்பது வழக்கம். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். தாலி அணிந்த அப்பெண் வேறு திருமணம் செய்யக்கூடாது. விழாக்களில் ஆட வேண்டும். ஊர் ஆண்களின் விருப்பத்துக்கு எளிதில் இரையாவாள். முதலிரவு உரிமை கேட்ட பாளையக்காரனைக் கொன்ற தெய்வத்தின் பெயரால், பெண்ணொருத்தியின் உடல் ஊருக்குப் பொதுவாக்கப்படும் முரண் இது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தபோதே 1947-இல் தேவதாசித் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆந்திரப் பிரதேசம் 1988-இல் இயற்றிய தடைச் சட்டம், ‘தேவதாசி’ என்பதற்கான வரையறையில் பசவி, ஜோகினி, பார்வதி, மாதம்மா, தாயம்மா என்னும் பெயர்களை வெளிப்படையாகச் சேர்த்தது. சதிராட்டத்தின் தேவதாசி மீது திரும்பியிருந்த சீர்திருத்தப் பார்வை, சேரியின் மாதம்மாவைப் பெயர்சொல்லிக் கண்டுகொள்ள 41 ஆண்டுகள் ஆயின. அதன் பின்னும் 2017-இல், சித்தூர், திருவள்ளூர் மாவட்டங்களில் சிறுமியர் மாதம்மாக்களாக விடப்படுவதாக வந்த செய்திகளை முன்வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

தடைச் சட்டம் நேர்ந்துவிடுதலைக் குற்றமாக்குகிறது. ஏற்கெனவே நேர்ந்துவிடப்பட்டவளின் நிலத்தையும் வீட்டையும் முதுமையையும் அது தானாகக் கவனித்துக்கொள்வதில்லை. விழாவில் ஆடும் வாய்ப்பும் அதனோடு வந்த சிறுவருமானமும் சடங்கு மதிப்பும் போன பின், அவள் கழுத்தில் எஞ்சுவது எந்த ஆணையும் குறிக்காத தாலி. சீர்திருத்தம் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. நடைமுறையை ஒழிப்பதும் அதற்கு இரையானவர்களை வாழவைப்பதும் இரு வேறு பணிகள் என்பதும், இரண்டாவது பணி பெரும்பாலும் தொடங்கவேயில்லை என்பதுமே பொருள்.

ஆண் சேலை உடுத்துகிறான். விழா முடிந்ததும் களைகிறான். கைகாலாக் குடும்பத்தவர் தோட்டியாகிறார், துரையாகிறார், மீண்டும் தம் வீட்டுக்குத் திரும்புகிறார். நாயகன் நீலப் பூச்சைக் கழுவிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறான். விஸ்வரூபத்தின் மண்முகம்கூட உடைந்து கரைகிறது. மாதம்மா மட்டும் விழா முடிந்த மறுநாளும் மாதம்மாவாகவே எழுகிறாள். வேடம் என்னும் கருத்தாக்கத்தை விடுதலையாக மட்டும் படிக்கும் ஆய்வுகள், எவரால் அதைக் களைய முடிகிறது என்னும் கேள்வியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திசையில் ஆய்வாளர்கள் செய்யத்தக்கவை பல. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலுள்ள மெக்கன்சி தொகுப்பின் கைபீதுகளில் சித்தூர்ப் பாளையங்கள் தம் வரலாற்றைத் தாமே சொல்லும் இடங்களை, கங்கம்மா கதையோடு அருகருகே வைத்துப் படிக்கலாம். 1881-இல் காக்ஸ் தொகுத்து 1895-இல் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காட்டுக் கையேட்டைத் தோட்டிகளையும் மாதங்கிகளையும் தேடிப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, இப்போது முதுமையில் இருக்கும் மாதம்மாக்களின் வாய்மொழியை, அவர்களின் இசைவோடும் அடையாளம் காத்தும் பதிவுசெய்ய வேண்டும். பாளையக்காரனின் மனைவிக்காவது தேற்ற ஒருத்தி வந்தாள் என்று கதை சொல்கிறது. இவர்களிடம் போய்க் கேட்பவர் இன்னும் சிலரே.